விசில் நின்ற மத்தியானம்

என் வயதுக்காரர்களுக்கு விசில் சத்தம் என்றால் முதலில் ரயில்தான் நினைவுக்கு வரும். தலைமன்னாருக்குப் போகிற ரயில் தரவை வெளியைத் தாண்டும்போது கொடுக்கும் நீண்ட விசில். அதைக் கேட்டு உலை வைத்த வீடுகள் உண்டு. எனக்கு நினைவுக்கு வருவது என் தங்கையின் முதுகு. ஆறு வயது முதுகு. சட்டைப் பொத்தான் இரண்டு விடுபட்டு, முள்ளந்தண்டு தெரிகிற முதுகு. அதில் காதை வைத்தபடி நான் குந்தியிருக்கிறேன். உள்ளே யாரோ விசிலடிக்கிறார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். மூன்று கிழமைக்கு முன் அவளை மூச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இப்போது அவளுக்குச் சுகம். பக்கத்து அறையில் படம் கீறிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் இரண்டு பந்தி எழுதினால் ஒருமுறை எழுந்துபோய் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதனால் இது கோவையாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வீட்டைச் சொல்ல வேண்டும்.

மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்துக்கு நிலப்பக்கமாக, கடலுக்கும் அடம்பன் வயல்களுக்கும் நடுவே கிடந்த உப்புத்தரவையில் எங்கள் குடியிருப்பு இருந்தது. உங்களில் அங்கே வளர்ந்தவர்களுக்கு எங்கள் வீடு நினைவிருக்கும். ‘சன்னல் இல்லாத வீடு’ என்று அடையாளம் சொல்வார்கள். மலைநாட்டில் கலவரம் வந்து, சட்டி பானையோடு லொறியில் வந்திறங்கிய தோட்டக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் பிறந்தது லயத்துக் காம்பராவில். அந்த அறை எனக்கு நினைவில்லை. ஆனால் அப்பா அதையே இங்கே திரும்பக் கட்டியிருந்ததால் அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மண் சுவர், பனையோலைக் கூரை, குனிந்து போகிற ஒரு வாசல். உள்ளே மூலையில் அடுப்பு. மலையில் குளிர்தான் ஆளைக் கொல்லும். அங்கே அடுப்பு இருந்த அறையில்தான் பிள்ளைகள் படுத்தார்கள், கதவு சாத்தியே இருந்தது, புகை இருந்த இடத்தில் உயிர் இருந்தது. அப்பா அந்த அறிவை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வெயிலும் கடற்காற்றும் உள்ள ஊருக்கு வந்தார். இந்த ஊரவர்கள் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். குசினி தனியாக வெளியில் இருக்கும். அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

“மழை பேஞ்சா கொடையப் புடிச்சிக்கிட்டா சோறு ஆக்குவாங்க?”

வாசலில் ஒரு கறுப்புக் கம்பளி தொங்கியது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தலையில் கொங்காணி போட்டுக்கொள்கிற முரட்டுக் கம்பளி. அம்மா மலையிலிருந்து கொண்டுவந்தவற்றில் கிழியாதது அது ஒன்றுதான். கன்னத்தில் பட்டால் சொறியும். புகை, ஈரம், தேயிலைத் தூசி எல்லாம் சேர்ந்த ஒரு மணம் அதில் இருந்தது. அந்த வெக்கையில் யாருக்கும் கம்பளி தேவைப்படவில்லை. அது கதவாகிவிட்டது.

தரவையின் கடற்கரை ஓரத்தில், மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரக் குடும்பம். அந்த வீட்டம்மாவைக் குடியிருப்பு முழுவதும் கருவாட்டு அக்கா என்றே கூப்பிட்டது. மீன் கீறி உப்புப் போட்டுக் காயவைப்பதுதான் அவரது வேலை. எங்கள் வாசலுக்கு வந்தால் கம்பளியை விலக்கி மூக்கைப் பொத்திக்கொள்வார்.

“இதென்ன வீடு பிள்ளை? கருவாட்டுப் பெட்டிக்கே நாங்கள் ஓட்டை விடுறனாங்கள்.”

“காத்து வருமுங்க அக்கா,” என்பார் அம்மா. “புள்ளைகளுக்கு ஆகாது.”

“காத்து வரத்தான் வேணும். காத்தில்லாட்டி என்ர கருவாடு புழுத்துப் போகும்.”

உள்ளேயிருந்து அப்பா குரல் வரும். “எங்க புள்ளைங்க கருவாடு இல்லீங்க.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். நாங்கள் மீனைக்கூடப் புகையில போடுறேல்லை.”

எல்லோரும் சிரிப்போம். தங்கையும் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. புகை வீட்டில் எல்லோரும்தான் இருமினோம்.

அந்த வருடம் மாரி முந்தி வந்தது. வாடைக்காற்று தரவையில் தண்ணீரைச் சுருட்டிச் சுருட்டி அடித்தது. விறகெல்லாம் ஈரம். உடைமரக் கட்டையும் பனைமட்டையும் எரியாமல் அழுதன. அம்மா ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து ரொட்டி சுடுவார். ஒரு பின்னேரம், அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருந்த தங்கை தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

“யாரும்மா விசிலடிக்கிறாங்க?”

நானும் கேட்டேன். மெல்லிய, நீண்ட விசில். விட்டு விட்டு வந்தது. இரண்டு சுருதியில், ஒன்று மேலே, ஒன்று கீழே.

ரொட்டியைத் திருப்பப் போன அம்மாவின் கை அப்படியே நின்றது. “எங்கேருந்து கேக்குது?”

“தெரியல. கிட்டக்க.”

ரொட்டி கருகியது. எங்கள் வீட்டில் மாவு கருக விட்டதே இல்லை. அம்மா அதைக் கவனிக்கவில்லை. வாசலில் ஆடிய கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வேலையால் வந்ததும் அவரிடம் சொன்ன வார்த்தை இரண்டே இரண்டு.

“அவ வந்துட்டா.”

எனக்கு முன்பு ஒரு அக்கா இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரியக்கா. ஐந்து வயதில், மலையில், பனி கொட்டுகிற மாதத்தில், காம்பராவுக்குள்ளேயே செத்துப்போனவள். அவளது பெயரை அம்மா எங்களிடம் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. “மூனு நாளா விசிலடிச்சா,” என்றார். “வாயத் தொறக்காம விசிலடிச்சா. மூனாம் நாளு நின்னுச்சு. தூங்குறான்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அடுப்பில் இன்னொரு மட்டையைத் தள்ளினார்.

அடுத்த நாளே அப்பா வீட்டை அடைக்கத் தொடங்கினார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரல் அகலச் சந்துகளில் களிமண்ணைக் குழைத்து அப்பினார். மண் நிற்காத இடத்தில் உரப்பையைச் சுருட்டித் திணித்தார். வாசற் கம்பளியின் மேற்பாதிக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்தார். “காத்துக் கருப்பு காத்துலதான் வரும்,” என்று எங்களுக்கு விளக்கினார். “காத்த அடைச்சிட்டா அதுக்கு வழி இல்ல.” அவர் கெட்டித்தனமாக வேலை செய்கிறவர். ஒரு ஓட்டை விடவில்லை.

அந்த மாரி முழுவதும் பட்டப்பகலில் குப்பி விளக்கோடு இருந்தோம். புகைக்கு ஒரு உயரம் இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது அது தலைக்கு மேலே ஒரு சாம்பல் தட்டுப்போல நிற்கும். அப்பா எழுந்து நின்றால் கழுத்துக்கு மேலே அப்பா இருக்கமாட்டார். உடம்பு மட்டும் நடந்துபோகும், கை நீண்டு குடத்தை எடுக்கும். குரல் எங்கேயோ மேலேயிருந்து வரும். தங்கை பயந்து, “அப்பா குனிங்க, குனிங்க,” என்று கத்துவாள். அவர் குனிந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் சமாதானமாவாள்.

வெளியே மழைக்கு ஒதுங்கும் கழுதைகள் எங்கள் பின்சுவரோடு வந்து நிற்கும். மண் சுவர் வழியாக அவை மூச்சு விடுவது கேட்கும். அம்மா எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்வார். கழுதை என்று எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் நாங்கள் அசையாமல் இருந்தோம். வெளியே மூச்சு. உள்ளே விசில்.

இப்போது பாருங்கள், நான் கெட்டிக்காரி. அப்போதே அப்படித்தான். எட்டு ஒன்பது வயதில் ஒன்றைக் கவனித்தேன். வெயில் எறித்த நாட்களில் தங்கையைக் கருவாட்டு அக்காவின் முற்றத்துக்குக் கூட்டிப்போவேன். காகம் விரட்டினால் சுட்ட மீன் தருவார். அங்கே தங்கை பாயோரத்தில் சுருண்டு நித்திரையாகிவிடுவாள். பக்கத்தில் இருந்து கேட்பேன். விசில் இல்லை. வீட்டுக்குத் திரும்பி, கம்பளியைத் தூக்கி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், மெல்ல, மேலே ஒன்று, கீழே ஒன்று.

பெரியக்கா வெளியில் இல்லை. அப்பா அடைத்தது அவளை வெளியே வைத்து அல்ல. எங்களோடு உள்ளே வைத்து அடைத்துவிட்டார்.

நான் அவளைத் தேடத் தொடங்கினேன். பானைகளுக்குப் பின்னால், விறகுக்குக் கீழே, கம்பளியின் மடிப்பில். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் போய், கடைசியில் தங்கையின் முதுகில் காதை வைத்தேன். அங்கே இருந்தது. மிகப் பக்கத்தில், என் காதுக்குள்ளேயே ஊதுவதுபோல.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு சொன்னேன்.

“அம்மா, விசில் வெளிய இல்ல. தங்கச்சிக்குள்ள இருக்கு.”

நான் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நெஞ்சில் காது வைத்துக் கேட்பது எவ்வளவு சரியான காரியம் என்று தெரியும். அன்று நான் சொன்னது உண்மை. ஒரு தாதியிடம் சொல்லியிருந்தால் அது நோய்க்குறி. அம்மாவிடம் சொன்னதால் அது வேறொன்றாகிவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை. இனி ஒளிய இடமில்லை என்று தெரிந்த ஒரு மிருகத்தின் பார்வை அது.

வெள்ளிக்கிழமை பேயோட்டுகிற கோடங்கி வந்தார். மலையில் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர், அடம்பன் பக்கம் குடியேறியிருந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். எங்களுக்குத் தோடம்பழ இனிப்புக் கொண்டுவந்தார். அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கையைக் கண்டதும் அவருடைய கண் கலங்கியது. உச்சிப் பொழுதில் செய்ய வேண்டும், ஒரு துளி வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்றார். அப்பா ஏற்கெனவே அந்த வேலையை முடித்து வைத்திருந்தார்.

சட்டியில் தணல். அதில் வேப்பிலை, கடுகு, செத்தல் மிளகாய், சாம்பிராணி. தங்கையைச் சட்டிக்கு முன் இருத்தினார்கள். வாசற் கம்பளியின் ஆணியைப் பிடுங்கி, அதை அவளுக்கும் சட்டிக்கும் மேலாகப் போர்த்தினார்கள். வாசலுக்குத் தகரத்தை வைத்து அடைத்தார்கள். உடுக்கை மெல்ல அடிக்கத் தொடங்கியது.

வெளியே கருவாட்டு அக்காவின் குரல். “பிள்ளை, மீன் கொண்டு வந்தனான்.”

“இன்னைக்கி வேணாங்க, அக்கா. அப்புறமா வாங்க,” என்றார் அப்பா.

“சின்னவள் இருமுறது ரோட்டுக்குக் கேக்குது. என்ன செய்யிறியள் உள்ளுக்கு?”

அவர் போகவில்லை. தகரத்தின் கீழ் விளிம்பில் அவர் பாதங்களின் நிழல் தெரிந்தது. “அருள் நிறைந்த மரியே” என்று அவர் முணுமுணுக்கத் தொடங்கியது கேட்டது.

கோடங்கி கம்பளியை நோக்கிக் குனிந்தார். “யாரு நீ? பேரச் சொல்லு.”

விசில்.

“எதுக்கு வந்த?”

விசில். முன்னைவிட மெல்லியதாக.

“தாய் தகப்பன நீ பாத்தாச்சு. தங்கச்சிய விட்டுட்டுப் போறியா, இல்ல கூட்டிக்கிட்டுப் போகப் போறியா?”

விசில் நூலாக இழைந்தது. பிறகு நூலும் அறுந்தது. உடுக்கையும் நின்றது.

“போயிருச்சு,” என்றார் கோடங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. “கேட்டீங்களா? சத்தமே இல்ல.”

அப்பா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நானும் சந்தோசப்பட்டேன். மறைக்கமாட்டேன். கோடங்கி கொடுத்த இனிப்பு அப்போது என் கன்னத்துக்குள் இருந்தது. கம்பளியைப் பார்த்தேன். அது மட்டும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்துப் போட்ட கோழியின் வயிறுபோல. ஏறியது, இறங்கியது, ஏறியது. சத்தம் மட்டும் இல்லை.

அம்மா மிக அமைதியாகச் சொன்னார். “அன்னைக்கும் இப்படித்தாங்க நின்னுச்சு.”

அப்பாவுக்கு விளங்கவில்லை. “என்னா?”

“அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு. தூங்குறான்னு நெனச்சேன்.”

அதன் பிறகு நடந்ததை நான் படமாக மட்டும் வைத்திருக்கிறேன். சட்டி உருள்கிறது. தணல் தரையில் சிதறுகிறது. தகரம் வெளியே விழுகிறது. அந்த வெளிச்சம்! கத்திபோல உள்ளே பாய்ந்த மத்தியான வெளிச்சத்தில் புகை எழுந்து நின்றது. அதன் நடுவே அம்மா கம்பளியோடு தங்கையை வாரிக்கொண்டு வெளியே பாய்ந்தார். கம்பளியை உருவி எறிந்தார். வாடைக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. தங்கையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பேச முடியாமல், ஆனால் முழு அறிவோடு பார்த்தாள்.

கருவாட்டு அக்கா மீன் கடகத்தைக் கீழே போட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

“கரையில ஐஸ் லொறி நிக்குது. ஓடுங்கோ!”

தரவைத் தண்ணீருக்குள்ளால் ஓடினோம். லொறிக்காரர் முன்கதவைத் திறந்து, “உள்ளுக்கு ஏறுங்கோ, மழை வரப்போகுது,” என்றார். அம்மா பின்வாங்கினார்.

“உள்ள வேணாம். மேல. காத்துல.”

காற்றுக்குப் பயந்து வீட்டையே அடைத்த மனுசி, மீன் பெட்டிகளின் மேலே, பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் கடல் எழுந்து விழ, பிள்ளையின் முகத்தைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். “படுக்க வையாதை பிள்ளை, நிமித்திப் பிடி,” என்று கருவாட்டு அக்கா முதுகைத் தாங்கினார். நான் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐஸைவிடக் குளிர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். முகத்தில் குழாய் வைத்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாதி ஒருவர் தங்கையின் முதுகில் குழலை வைத்துக் கேட்டபடியே இருந்தார். திடீரென்று அவரது முகம் மலர்ந்தது. எங்களுக்கும் கேட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று.

“விசில் வந்திட்டுது, அம்மா,” என்றார் தாதி. “இனிப் பயப்பிடாதேங்கோ. காத்துப் போய் வருது.”

அம்மா அவரை வெறித்துப் பார்த்தார். பெரியக்காவே கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததுபோலப் பார்த்தார்.

பிறகு வைத்தியர் வந்தார். இது முட்டு வருத்தம், நெஞ்சின் குழாய்கள் சுருங்குவதால் வருகிற இழுப்பு என்றார். அடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அம்மா சொன்னார். வீட்டில் எத்தனை சன்னல் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றார். வேறு பிள்ளைகளுக்கும் இப்படி வந்ததா என்று கேட்டார்.

“மூத்தவளுக்குங்க.”

“அவ இப்ப எங்க?”

அம்மா சொன்னார். அந்த அறையையும் சொன்னார், அடுப்பையும், மூன்று நாட்களையும். வைத்தியர் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால், திட்டியிருந்தால்கூட, அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார். அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அவ்வளவுதான். அந்த மௌனத்தில் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நாலாம் நாள் தங்கையோடு பாலத்தால் திரும்பும்போது, பேருந்தில், என்னிடம் அல்ல, யாரிடமும் அல்ல, அம்மா சொன்னார்.

“அவ உள்ள வரணும்னு விசிலடிக்கல. வெளிய போகணும்னு கேட்டிருக்கா. நாமதான் சாத்துனோம்.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா இரவல் அலவாங்கு வாங்கிவந்து தெற்குச் சுவரை இடித்தார். அளவெடுக்கவில்லை. ஒரு மனிதன் நுழைகிற அளவுக்கு இடித்தபிறகும் நிறுத்தவில்லை. கருவாட்டு அக்காதான் கையைப் பிடித்தார்.

“காணும், தம்பி. கூரை விழப்போகுது. இப்பதான் இது வீடு.”

அடுப்பு வெளியே போனது. மழை பெய்த நாட்களில் அப்பா உண்மையாகவே குடை பிடித்துக்கொண்டு நின்றார், அம்மா சோறாக்க.

கம்பளி தரவையின் விளிம்பில் ஒரு உடைமரத்தில் போய் மாட்டியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. முள் ஏறி, மழையில் நனைந்து, இரண்டு கையையும் விரித்த உருவம்போல நின்றது. அந்தப் பக்கத்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஓடித்தான் கடப்பார்கள். உங்களில் சிலரும் ஓடியிருப்பீர்கள். அது எங்கள் வீட்டுக் கம்பளி என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்தோம். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது தேடிப்போனேன். மரமும் இல்லை, ஒரு நூல்கூட இல்லை.

அம்மா சாகும்வரை எந்த வீட்டிலும் கதவைச் சாத்த விடவில்லை. பின்னேரங்களில் சன்னலருகே போய் நின்று, வெளியே பார்த்து, உதட்டுக்குள் ஏதோ சொல்வார். வெற்றிலை துப்பப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

இனி என் மகள்.

எங்கள் வீடு இப்போது மன்னார் பட்டினத்தில். சீமெந்துச் சுவர், கண்ணாடிச் சன்னல்கள். கணவர் வவுனியாவில் வேலை செய்கிறார், கிழமை முடிவில்தான் வருவார். மகளுக்கு ஒன்பது வயது. இந்த மாரியில் டெங்குப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. சன்னல்களை மூடிவைத்தேன். அறைக்கு ஒரு நுளம்புத் திரி. போதாதென்று காலையும் மாலையும் சாம்பிராணி. நனைந்த உடுப்புகள் உள்ளேயே கொடியில் காய்ந்தன. நல்ல தாயாக இருந்தேன். ஒரு ஓட்டை விடவில்லை.

ஒரு பின்னேரம் மகள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“அம்மா, ஆரோ வெளியில விசிலடிக்கினம்.”

கரும்பலகையில் நுரையீரலைக் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறவள் நான். முட்டு வருத்தத்தைப் பற்றி வருடம் ஒருமுறை படிப்பிக்கிறவள். நான் செய்தது என்ன தெரியுமா? எழுந்து போய், ஒருக்களித்துத் திறந்திருந்த ஒரே சன்னலையும் இழுத்து மூடினேன். கொண்டி போட்டேன். துவாயைச் சுருட்டிக் கதவடியில் திணித்தேன். நான் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. அப்பாவின் கை.

துவாயைத் திணித்தபடி குந்தியிருந்தபோதுதான் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு தோளை உயர்த்தி உயர்த்தி மூச்செடுத்தாள். விசில் மெலிந்துகொண்டு வந்தது.

முச்சக்கர வண்டிக்காரர் மழைக்காகப் படங்குத் திரையை இறக்கப் போனார். “மூடாதேங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்துபோனார். நனைந்துகொண்டே போனோம். மருந்தாவி கொடுத்தார்கள். விசில் உரக்கத் திரும்பி வந்தது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். தாதி, “ஏன் அழுறியள், நல்லாத்தானே வருது,” என்றார்.

தங்கை அடம்பனில் இருக்கிறாள். ஐம்பதை நெருங்குகிறாள். எங்கே போனாலும் மருந்துக் குழல் அவள் கைப்பையில் இருக்கும். தொலைபேசியில் அழைத்தபோது, பிள்ளை எப்படி என்று அவள் கேட்கவில்லை.

“அக்கா, சன்னல் திறந்திருக்கா?”

மூடிவைத்திருந்ததைச் சொன்னேன்.

“நீ பிள்ளையளுக்கு நெஞ்சுப் படமெல்லாம் கீறிக் காட்டுறனி. என்னத்துக்கு?” என்றாள். பிறகு குரல் உடைந்து, “சரி, வாறன்,” என்றாள். முதல் பஸ்ஸில் வந்து, செருப்பைக் கழற்றாமல் நேரே போய் எல்லாச் சன்னலையும் திறந்தாள். நுளம்புத் திரிகளைச் சேர்த்துக் குப்பையில் போட்டாள். மகளின் கட்டிலுக்கு வலை கட்டினாள். அதன் பிறகுதான் தேத்தண்ணி கேட்டாள்.

இப்போது வீடு திறந்து கிடக்கிறது. உப்புக்காற்று மேசையெல்லாம் மணலைக் கொட்டுகிறது. தங்கை கிழமை நாட்களில் இங்கேதான் தங்குகிறாள். நேற்றுப் பின்னேரம், நாலு மணி இருக்கும், மூவரும் ஒரே அறையில் இருந்தோம். மகள் படம் கீறினாள். தங்கை அரிசி புடைத்தாள்.

விசில் கேட்டது.

மகளின் முதுகில் காதை வைத்தேன். சுத்தமான மூச்சு. “கூசுது அம்மா,” என்று நெளிந்தாள். தங்கையைப் பார்த்தேன். அவள் சுளகை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து ஒரு முழு மூச்சு இழுத்து விட்டுக் காட்டினாள். அவளிடமும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மேலே ஒன்று, கீழே ஒன்று. சன்னல் பக்கமிருந்து வந்தது. வெளியே மழை இல்லை, தெருவில் யாரும் இல்லை.

எழுந்து போனேன். கை கொண்டிக்குப் போனது. அதைத் திரும்ப எடுத்தேன். காற்றில் மூடிக் கிடந்த சன்னலின் மற்றப் பாதியையும் தள்ளித் திறந்தேன். பின்னேரங்களில் அம்மா என்ன முணுமுணுத்தார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நாற்பது வருடமாக என் வாயில் வராத அந்த மலைநாட்டுப் பேச்சு தானாகவே வந்தது.

“வாக்கா. உள்ள வா, வெளிய போ, ஒன் இஷ்டம். இப்ப நாங்க சாத்துறதில்ல.”